நான்காவது வாரத்தில் விடுபட்ட வாக்கியம்

பிப்ரவரி 11

தம்பி,

நேற்று நீ நான்கு முறை போன் செய்தாய் என்று பணிமனை வாட்ச்மேன் சொன்னார். நான்தான் இறங்கி வரவில்லை. கொஞ்ச நாளைக்கு எழுத்திலேயே பேசிக்கொள்வோம். போனில் நான் ஒன்று சொல்ல ஆரம்பித்தால் நீ சிரிக்கவைத்து வேறெங்கோ கொண்டுபோய்விடுவாய். காகிதத்தில் நான் சொன்னது சொன்னபடி இருக்கும்.

நீயே வாராவாரம் ரேடியோவில் சொல்கிறாயே, "ஒரு பஸ் பணிமனை, அதன் பின்னால் நான்கு அத்திமரங்கள், அதில் எண்ணூறு வௌவால்கள், அவற்றின் சண்டையை மூன்று வருடமாக ஒட்டுக்கேட்கும் ஒரு பெண்" என்று. அந்தப் பெண்ணின் அறைக்குச் செவ்வாய்க்கிழமை காலையில் ஒரு அம்மா வந்தார். எதிர்த் தெருவில் பள்ளிச் சீருடை தைப்பவர். இடது கையில் ஒரு கூடை. வலது கையில் கைக்குட்டை சுற்றியிருந்தது. கைக்குட்டை நனைந்து சிவப்பாக இருந்தது.

"கீழ விழுந்து கிடந்துச்சும்மா. றெக்கை ஒடிஞ்சிருக்கு போல. பாவமா இருந்துச்சு, தூக்கிட்டு வந்தேன்" என்றார். கூடையில் வௌவால்.

"வெறுங்கையோடயா தூக்கினீங்க?"

"ஆமா. ஏன்? ரேடியோல அப்படி எதுவும் சொல்லலையே."

நான் அவரைக் குழாயடிக்கு இழுத்துப்போய்க் கால்மணி நேரம் சோப்புப் போட்டுக் கழுவினேன். அப்புறம் பஸ் டிரைவர் ஒருவரைக் கெஞ்சி வண்டியைத் திருப்பச் சொல்லி ஆஸ்பத்திரிக்கு. கடி ஆழம், கட்டைவிரலுக்குக் கீழே. வௌவால் கடி என்றதும் டாக்டர் முகம் மாறியது. வெறிநோய்க்கான ஊசி, மொத்தம் ஐந்து. முதல் இரண்டு வாரத்தில் நான்கு, கடைசி ஒன்று மார்ச் ஒன்பதாம் தேதி. வௌவாலைப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறது. முடிவு வர எத்தனை நாள் என்று யாருக்கும் தெரியவில்லை.

இப்போது என் கேள்வி. உன் ஸ்டுடியோவில் உட்கார்ந்து நான் சொன்னேன்: "கீழே விழுந்த வௌவாலைக் கையால் தொடாதீர்கள், எங்களுக்குத் தகவல் சொல்லுங்கள்." முதல் தடவை இருமிவிட்டேன் என்று நீ மறுபடி சொல்லவைத்தாய். நேற்று நான்காவது வார நிகழ்ச்சியின் கேசட்டை மூன்று தடவை ஓட்டினேன். சமையலறையில் அம்மாவும் மகளும் சண்டை போடுகிற மாதிரி உன் நடிகர்கள் வௌவாலுக்குக் குரல் கொடுக்கிறார்கள். இசை வருகிறது. என் வாக்கியம் இல்லை.

எங்கே அது?

அக்கா


பிப்ரவரி 14

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் வந்தபோது ஸ்டுடியோவில் இருந்தேன். படித்ததும் வெளியே போய் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். அந்த அம்மா எப்படி இருக்கிறார்? காய்ச்சல் ஏதாவது? இரண்டாவது ஊசி போட்டாயிற்றா? நீ தேதிகளை எழுதியிருக்கிறாயே தவிர அவர் எப்படி இருக்கிறார் என்று எழுதவில்லை. அது உன் வழக்கம்தான்.

வாக்கியத்தைப் பற்றி. நிகழ்ச்சி இருபத்தெட்டு நிமிடம். ஒரு விநாடி கூடினாலும் செய்தி வாசிப்பவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று கையைக் கையை ஆட்டுவார். நான்காவது வாரம் நாற்பது விநாடி அதிகம் போய்விட்டது. எதையாவது எடுத்தாக வேண்டும். ஐந்தாவது வாரத்தில் சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அப்புறம் மறந்துபோனேன். அவ்வளவுதான் நடந்தது. வேண்டுமென்று செய்ததில்லை.

உன்னை ஒன்று கேட்கவேண்டும், கோபித்துக்கொள்ளாதே. மூன்று வருடத்தில் நீ இரண்டு ஆய்வுக் கட்டுரை எழுதினாய். அதை எத்தனை பேர் படித்தார்கள்? ஒரு கட்டுரையின் தலைப்பை உச்சரிக்கவே எனக்கு மூச்சு முட்டியது. போன மாதம் வரைக்கும் அந்த மரத்துக்கடியில் போகிறவர்கள் குடை பிடித்துக்கொண்டு ஓடினார்கள். இப்போது நின்று அண்ணாந்து பார்க்கிறார்கள் என்று நீதானே சொன்னாய்? "இதுங்களுக்குள்ள இடத்துக்காக இவ்வளவு சண்டையா" என்று ஒருவர் உன்னிடம் வந்து கேட்டார் என்று சந்தோஷப்பட்டாயே? அது என் நடிகர்களால் வந்தது. அந்த அம்மா ஒடிந்த வௌவாலைப் பார்த்து மிதித்துவிட்டுப் போகாமல் தூக்கியதும் அதனால்தான்.

எழுதிப் பார்த்தால் இது எனக்கே சரியாகப் படவில்லை. அடித்துவிட்டு அனுப்பலாம் என்றால் நீ அடித்த இடத்தைத்தான் முதலில் படிப்பாய். அதனால் இருக்கட்டும்.

இன்னொன்று. நிலைய இயக்குநருக்கு இன்னும் தெரியாது. பத்திரிகைக்காரர்கள் யாராவது வந்தால் இப்போதைக்கு எதுவும் சொல்லாதே. ப்ளீஸ்.

தம்பி


பிப்ரவரி 17

தம்பி,

ப்ளீஸாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு உன் ஆறாவது வாரத்தைக் கேட்டேன். என் கடிதம் உன் கையில் இருந்தது. அப்போதும் அந்த வாக்கியம் வரவில்லை. ஏற்கெனவே பதிவானது என்பாய். நிகழ்ச்சி முடிந்ததும் பத்து விநாடி மைக் முன்னால் உட்கார உனக்கு முடியவில்லை.

அந்த அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டாய். சொல்கிறேன். கை முழங்கை வரைக்கும் வீங்கியிருக்கிறது. கத்தரிக்கோல் பிடிக்க முடியவில்லை. அவர் மகள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வீட்டில் இருக்கிறாள். என்னைப் பார்த்தால் முகம் கொடுப்பதில்லை. நேற்று மூன்றாவது ஊசிக்கு நான்தான் கூடப் போனேன். வரிசையில் உட்கார்ந்திருந்தபோது அந்த அம்மா என்னிடம் மெதுவாக, "தண்ணியக் கண்டா பயம் வருமாமே. நான் தினமும் காலைல எழுந்து ஒரு டம்ளர் தண்ணிய முன்னாடி வெச்சுப் பார்த்துக்கிறேன்" என்றார். இதை உன் இருபத்தெட்டு நிமிடத்தில் எங்கே வைப்பாய்?

வௌவாலைப் பற்றி நீ கேட்கவே இல்லை. உயிருள்ள வௌவாலைச் சோதிக்க முடியாது, மூளையைத்தான் எடுத்துப் பார்க்கவேண்டும். கால்நடை டாக்டர் வந்தார். தடித்த கையுறை போட்டு நான்தான் பிடித்துக்கொண்டேன். இடது றெக்கையில் நான் அடையாளத்துக்கு மாட்டிய வளையம் இருந்தது. எண் 41. இரண்டாவது மரத்தில், தெற்குக் கிளையில் எப்போதும் பக்கத்தில் இருப்பதோடு மல்லுக்கட்டும் பெண் வௌவால். அதன் கத்தல் மட்டும் இருநூற்றுப் பன்னிரண்டு பதிவு வைத்திருக்கிறேன். நீ அதற்கு 'அரட்டை' என்று பெயர் வைத்து, ஒரு நடிகையைத் தொண்டை கட்டப் பேசவைத்தாய். அந்த அம்மா கூடையை என்னிடம் கொடுத்தபோதே, "இது அரட்டையா இருக்குமோ?" என்று கேட்டார். நான் "தெரியாது" என்றேன். பொய். வளையத்தைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.

பணிமனையில் கையெழுத்து வாங்க ஆரம்பித்துவிட்டார்கள். நான்கு மரத்தையும் வெட்டவேண்டும் என்று நகராட்சிக்கு மனு. முன்னால் நிற்பவர் அந்த மீசைக்கார டிரைவர், காலை முதல் பஸ் எடுப்பவர். கண்ணாடியில் எச்சம் விழுகிறது என்று தினமும் என்னோடு சண்டை போடுவார், ஆனால் போட்டுவிட்டுச் சிரிப்பார். இப்போது சிரிப்பதில்லை. "எனக்கும் வீட்டுல ரெண்டு பிள்ளைங்க இருக்கும்மா" என்றார்.

அக்கா


பிப்ரவரி 21

அக்கா,

நேற்று உன் ஊருக்கு வந்தேன். உன்னிடம் சொல்லவில்லை. ஆறு மணி நேரம் பஸ்ஸில், எதிரே உட்கார்ந்தவர் ஒரு பையைப் பிரித்துப் பிரித்துக் கட்டிக்கொண்டே வந்தார், நானும் அந்தப் பை மாதிரிதான் இருந்தேன்.

பணிமனை வாசலில் இறங்கினேன். உன் அறை ஜன்னல் தெரிந்தது. நீ பைனாகுலரோடு உட்கார்ந்திருந்தாய். கீழே பார்க்கவே இல்லை. கூப்பிட வாய் வரைக்கும் வந்தது. தெருவைத் தாண்டித் தையல்காரம்மா வீட்டுக்குப் போனேன்.

கதவு திறந்துதான் இருந்தது. வாசலை ஒட்டி மெஷின், சுவரோரமாக வெட்டிவைத்த நீலத்துணி அடுக்கு. "யாருப்பா?" என்றார். யார் என்று சொல்லத்தான் போனேன் அக்கா, சத்தியமாக. வாயிலிருந்து வந்தது: "சட்டை தைக்கணும்."

"பெரியவங்க சட்டை இப்ப எடுக்கிறதில்லப்பா. கையைப் பாரு."

"என்னம்மா ஆச்சு?"

"வவ்வால் கடிச்சிருச்சு. அது மேல தப்பில்ல, நான்தான் பயத்துல இறுக்கிப் பிடிச்சுட்டேன். ரேடியோல அதுங்க பேசிக்கிறதப் போடுவாங்களே, கேட்டிருக்கியா? 'தள்ளிப் படுடி, உன் முட்டி என் மூஞ்சிலயே இருக்கு'ன்னு ஒண்ணு கத்தும். நானும் என் தங்கச்சியும் சின்ன வயசுல அச்சு அசலா அப்படித்தான். அது கீழ கிடந்ததைப் பார்த்ததும் எனக்கு மனசு கேக்கல."

அந்த வரியை எழுதியது நான். நம் வீட்டில் நீ என்னைத் திட்டியதைத்தான் எழுதினேன்.

என்ன நினைத்தாரோ, "சரி, இவ்வளவு தூரம் வந்துட்ட, அளவு மட்டும் எடுத்து வெச்சுக்கிறேன். ஒரு மாசம் ஆகும்" என்று எழுந்துவிட்டார். இடது கையால் டேப்பைப் பிடித்து என் தோளில் வைத்தார். நழுவியது. மறு முனையை நானே பிடித்துக்கொண்டேன். "நீயே எழுதிக்கப்பா, எனக்கு இந்தக் கையால எழுத வராது" என்றார். என் அளவை நானே அவர் நோட்டில் எழுதினேன். உள்ளே இருந்து மகள் எட்டிப் பார்த்தாள். நான் வாசலுக்கு வந்ததும் அவர், "உன் குரல் எங்கயோ கேட்ட மாதிரி இருக்கே" என்றார்.

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க" என்று சொல்லிவிட்டு நடந்தேன். திரும்பும் பஸ் வரும்வரை உட்காரக்கூட முடியவில்லை. ஸ்டாண்டைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

இனி உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நாற்பது விநாடி அதிகம் போகவில்லை. சரியாகத்தான் இருந்தது. உன் வாக்கியத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இசையைப் போட்டேன். முதல் மூன்று வாரமும் கேட்பவர்களுக்கு அந்தப் பிராணிகள் மேல் ஒரு பிரியம் வரவேண்டும் என்று மாடு மாதிரி உழைத்திருந்தேன். "கையால் தொடாதீர்கள்" என்ற உன் குரல் வந்ததும் எல்லாம் போய்விடும், மறுபடி குடையைப் பிடிப்பார்கள் என்று தோன்றியது. தெரிந்தே வெட்டினேன். ஐந்தாவது வாரத்தில் சேர்க்கும் எண்ணமும் எனக்கு இல்லை.

இன்றைக்கு ஏழாவது வாரத்தை நிறுத்திவிட்டு ஒரு பழைய பாட்டு நிகழ்ச்சியைப் போட்டுவிட்டேன். டேப் சிக்கிக்கொண்டது என்று சொன்னேன். இன்னொரு பொய்.

தம்பி


பிப்ரவரி 24

தம்பி,

முதலில் இது: முடிவு வந்துவிட்டது. 41இன் மூளையில் நோய் எதுவும் இல்லை. டாக்டர் ஐந்து ஊசியும் முடியட்டும் என்கிறார், ஆனால் பயப்பட ஒன்றுமில்லை என்றும் சொன்னார். நான் ஓடிப்போய்ச் சொன்னபோது தையல்காரம்மா மெஷின் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டார். மகள்தான் அழுதாள். அப்புறம் அந்த அம்மா, "அப்ப அதைச் சும்மாத்தான கொன்னோம்?" என்றார்.

உன் கடிதத்தைப் படித்ததும் கோழை என்று ஒரு பக்கம் எழுதினேன். கிழித்துவிட்டேன். காரணம் இருக்கிறது. நான் உனக்கு எழுதிய இரண்டு கடிதத்திலும் ஒன்றை மறைத்தேன்.

நான்காவது வாரம் ஒலிபரப்பாவதற்குப் பன்னிரண்டு நாள் முன்னால் நீ எனக்குக் கேசட் அனுப்பினாய். "அக்கா, கேட்டுவிட்டுத் தப்பிருந்தால் சொல்" என்று ஒரு சீட்டு. அது என் மேஜையில் நான்கு நாள் கிடந்தது. நான் கேட்கவில்லை. கட்டுரையை அனுப்பவேண்டிய கெடு அந்த வாரம். தவிர, எனக்கு உன் நிகழ்ச்சி உள்ளூரப் பிடிக்கவில்லை. மூன்று வருடம் நான் எண்ணி எண்ணிச் சேர்த்ததை நீ ஒரு சமையலறைச் சண்டையாக ஆக்கி, அதற்கு ஊரே கைதட்டியது. கேட்டால் கோபம் வரும், எதற்கு என்று விட்டேன். ஐந்தாவது நாள் அதே சீட்டின் பின்னால் "சரி" என்று எழுதித் திருப்பி அனுப்பினேன். அந்தச் சீட்டு உன்னிடம் இருக்கிறதல்லவா? அதை நீ என் முகத்தில் எறிந்திருக்கலாம். இரண்டு கடிதத்திலும் எறியவில்லை. மறந்துவிட்டாயா, வேண்டாம் என்று விட்டாயா, தெரியாது. எனக்கு அதை நினைத்தால் இருப்புக்கொள்ளவில்லை.

மார்ச் நான்காம் தேதி நகராட்சிக் கூட்டம். நான் பேசவேண்டும். நேற்று வாட்ச்மேன் முன்னால் பேசிப் பார்த்தேன். மூன்றாவது சதவீதத்தில் அவர் தூங்கிவிட்டார்.

அக்கா


மார்ச் 1

அன்புள்ள அக்கா,

சீட்டை மறக்கவில்லை. அது என் மேஜை டிராயரில்தான் இருந்தது. உன் முதல் கடிதம் வந்த அன்றே எடுத்துப் பார்த்தேன். எறியலாம் என்றுதான் எடுத்தேன். கேட்காமல்தான் "சரி" என்று எழுதியிருப்பாய் என்று எனக்கு அப்போதே தெரியும். கேட்டிருந்தால் அரைப் பக்கத்துக்குத் திருத்தம் வந்திருக்கும். உன் திருத்தம் வராமல் போனது அன்று எனக்குச் சௌகரியமாக இருந்தது. அதனால் அதைக் காட்டி உன்மேல் பழி போட எனக்கு வாயில்லை.

சனிக்கிழமை மறுபடி வந்தேன். இந்த முறை வாசலிலேயே சொல்லிவிட்டேன், நான் யார், எதை வெட்டினேன் என்று. தையல்காரம்மா மெஷினை நிறுத்தினார்.

"அளவு எடுக்கிறப்பவே தெரியும். ஆறு வாரமா கேட்ட குரல் மறக்குமா? நீயா சொல்றியான்னு பார்த்தேன். சொல்லல, போயிட்ட."

மன்னிப்புக் கேட்டேன்.

"அதைக் கொண்டுபோய் நான் என்ன பண்ண?" என்றார். குரல் உயரவில்லை, அதுதான் தாங்கவில்லை. "பதினஞ்சு நாளா என் பொண்ணு நான் தண்ணி குடிக்கிறதையே பார்த்துட்டு இருந்தா. தெரியுமா உனக்கு? ஊர்ல யாருக்கும் கேக்காம வெட்டுன. எனக்கு மட்டும் கேக்கிற மாதிரி மன்னிப்பா?"

அவர் பேசுவதைப் பதிவுசெய்யலாமா என்று கேட்டேன். "வெட்டாமப் போடுவேன்னா பேசுறேன்" என்றார். பதினொரு நிமிடம் பேசினார். மகளும் பேசினாள். என்னைத் திட்டினாள்.

இயக்குநரிடம் கொடுத்தால் எது மிஞ்சும் என்று எனக்குத் தெரியும். நேற்று காலை பத்து மணிக்கு நேரலையில் உட்கார்ந்துவிட்டேன். முதலில் நீ சொன்ன வாக்கியம், இருமலோடு, அந்த முதல் பதிவு. அப்புறம் அதை யார் வெட்டினார், ஏன் என்று. அப்புறம் அம்மாவும் மகளும். கடைசியில் ஆறு நிமிடம் வௌவால்களை மட்டும் விட்டேன், நடிகர்கள் இல்லாமல். நீ பதிவுசெய்தது அப்படியே. இதில் எதெல்லாம் அக்காவுக்குத் தெரியும், எது தெரியாது என்று உன் கட்டுரையைப் பார்த்துச் சொன்னேன். தெரியாதது நிறைய இருந்தது. அதைச் சொல்லும்போதுதான் நான் அந்தக் கட்டுரையை ஒழுங்காகப் படித்தேன் அக்கா.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இயக்குநர் வந்து நின்றார். கையை ஆட்டவில்லை. நின்று கேட்டார். முடிந்ததும், "நல்லா இருந்துச்சு. ஆனா இனிமே நீ வானிலை மட்டும் வாசி" என்றார். இன்று காலை வாசித்தேன். பரவலாக மேகமூட்டம்.

கூட்டத்தில் சதவீதம் சொல்லாதே. உன்னிடம் ஒருவர் வந்து என்ன கேட்பாரோ அதற்குப் பதில் சொல். வேறு எதுவும் சொல்லித்தர எனக்கு இப்போது தகுதி இல்லை.

தம்பி


மார்ச் 12

தம்பி,

நீ எதிர்பார்த்த மாதிரியும் முடியவில்லை, நான் பயந்த மாதிரியும் முடியவில்லை.

கூட்டத்தில் நான் ஐந்து நிமிடம் பேசினேன். மரத்தடியில் போவதால் நோய் வராது, கையால் பிடித்தால் வரலாம் என்றேன். மரத்தை வெட்டினால் எங்கே போகும் என்று ஒருவர் கேட்டார். "சரியாகத் தெரியாது. பக்கத்தில் எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே போகும்" என்றேன். பின்வரிசையில் இருந்து தையல்காரம்மா எழுந்து, "பக்கத்துலன்னா எங்க வீட்டு மாடி. மரத்துலயே இருக்கட்டுமே, அங்க இருந்தாலாவது தலைக்கு மேல இருக்கும்" என்றார். சிலர் சிரித்தார்கள். மகள் சிரிக்கவில்லை, வெட்டவேண்டும் என்றுதான் அவள் கைதூக்கினாள். கடைசியில் பஸ் நிற்கும் கொட்டகையை ஒட்டிய இரண்டு மரத்தை வெட்டுவது, மற்ற இரண்டையும் விட்டுச் சுற்றிலும் வேலி போடுவது, வேலியில் உன் நிகழ்ச்சியில் விடுபட்ட வாக்கியத்தைப் பலகையில் எழுதிவைப்பது என்று முடிவானது. இரண்டாவது மரம் போகும் மரங்களில் ஒன்று.

ஒன்பதாம் தேதி கடைசி ஊசி. திரும்பும் வழியில் அந்த அம்மா உன் சட்டைக்குத் துணி எடுக்கச் சொன்னார். நான் எடுக்கவில்லை. உனக்கு எது பிடிக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. நீயே வந்து எடு.

பத்தாம் தேதி சாயங்காலம், வௌவால்கள் இரைக்குப் போனபிறகு வெட்டினார்கள். அதைத்தான் நான் கெஞ்சிக் கேட்டு வாங்கினேன், மேலே இருக்கும்போது வெட்டக்கூடாது என்று. நான் பார்க்கவில்லை. அறையில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு பழைய நோட்டுகளை அடுக்கினேன், கலைத்தேன், மறுபடி அடுக்கினேன்.

விடியற்காலையில் கீழே போய் நின்றேன். திரும்பி வந்தன. இரண்டாவது மரம் இருந்த இடத்துக்கு மேலே, வெற்று வானத்தில், கிளை இருந்த உயரத்திலேயே வட்டமடித்தன. சில, இறங்கிப் பிடிக்கப்போகிற மாதிரி காலை நீட்டின. பிடிக்க ஒன்றும் இல்லை. அப்புறம் மொத்தக் கூட்டமும் மிச்சம் இருந்த இரண்டு மரத்தில் போய் விழுந்தது. தம்பி, அந்தச் சத்தத்தை நான் மூன்று வருடத்தில் கேட்டதில்லை. என் பட்டியலில் இருக்கும் எந்தக் கத்தலும் அதில் தனியாகப் பிரிந்து வரவில்லை. பதிவுக் கருவியை இயக்க மறந்து ஐந்து நிமிடம் நின்றுவிட்டேன்.

மீசைக்கார டிரைவர் முதல் பஸ்ஸைக் கிளப்பி வாசலுக்குக் கொண்டுவந்தவர், என்னைப் பார்த்து நிறுத்தினார். ஜன்னல் வழியே தலையை நீட்டினார்.

"என்னம்மா சொல்லுதுங்க?"

ரொம்ப நாளாக என்னிடம் பேசாதவர். ஏதாவது சொல்லவேண்டும் போல இருந்தது. உன் நடிகர்களாக இருந்தால் நல்லதாக ஒன்று சொல்லியிருப்பார்கள்.

"தெரியலைங்க" என்றேன். "இந்த மாதிரி இதுக்கு முன்னாடி கேட்டதில்ல."

அவர் மேலே பார்த்தார். இன்ஜின் சத்தத்தில் பாதி கேட்காமல் போயிருக்கவேண்டும். சாவியைத் திருப்பி அணைத்துவிட்டு இறங்கி வந்து என் பக்கத்தில் நின்றார். உள்ளே இருந்த பயணிகளும் ஒவ்வொருவராக இறங்கினார்கள். எல்லோரும் அண்ணாந்து பார்த்தபடி கேட்டுக்கொண்டு நின்றோம்.

முதல் பஸ் அன்று பன்னிரண்டு நிமிடம் தாமதமாகக் கிளம்பியது.

அக்கா